வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு கப்பல் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தெருவில் இந்த ஆண்டு மூன்று வீடுகளில் கீசர் மாற்றினார்கள். ஒன்றுக்கும் ஐந்து வயது ஆகவில்லை. "டேங்க் ஓட்டை சார், புதுசுதான் வாங்கணும்" என்று மெக்கானிக் சொல்ல, வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் போனது. அதில் ஒரு வீடு குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஓர் அம்மாவுடையது. இந்தத் தொட்டிகள் ஏன் ஓட்டையாகின்றன என்பதற்கு 260 ஆண்டுப் பழைய கதை ஒன்று உண்டு.

1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்தது. மரத்தைக் கடற்புழு துளைக்காது, கொட்டலசு ஒட்டாது என்பது கணக்கு. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியது. தகடு நன்றாகவே இருந்தது, இரும்பு ஆணிகள்தாம் அரித்துப் போயிருந்தன. ஆனால் ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே பழுப்புத் தாள் மாட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணி அப்படியே இருந்தது! உப்புநீரில் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் கரையும். வினைபடு திறன் வரிசையை வகுப்பில் மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவு வரும்.

அந்தச் செம்பும் கடலில் மெல்லக் கரையத்தான் செய்தது. அதைத் தடுக்கும் வழியைக் கடற்படை ஹம்ப்ரி டேவியிடம் கேட்டது. சுரங்கத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து தந்தாரே, அவரேதான். 1824இல் அவர் சொன்ன வழி எளிமையானது: செப்புத் தகட்டோடு சிறு இரும்புத் துண்டோ துத்தநாகத் துண்டோ சேர்த்து வையுங்கள், அது கரையும், செம்பு பிழைக்கும். செம்பு பிழைத்தது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை கொட்டலசை விரட்டிக்கொண்டிருந்தது! கரைவது நின்றதும் பாசியும் கொட்டலசும் அப்பிக் கப்பல்கள் வேகம் குறைந்தன. சில ஆண்டுகளில் கடற்படை அத்திட்டத்தையே கைவிட்டது. பாவம் டேவி, அறிவியல் சரியாக இருந்தும் ஏச்சு வாங்கினார்.

கப்பலில் தோற்ற அந்த யோசனைதான் இன்று உங்கள் குளியலறைச் சுவரில் தொங்குகிறது. நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தானியங்கி வெந்நீர்த் தொட்டியைச் செய்தார். எஃகுத் தொட்டியில் வெந்நீர் நின்றால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? 1936இல் ஏ.ஓ.ஸ்மித் நிறுவனம் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பூச்சில் ஊசிமுனை அளவு குறைகள் இருக்கும். அந்த இடத்தைக் காக்கவே உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி. இரும்புக்குப் பதிலாக அது கரைகிறது. முழுவதும் கரைந்தபின் அடுத்தது தொட்டியின் முறை. நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

நம் வீடுகளில் முன்பு இருந்த செப்பு பாய்லருக்கு இந்த வம்பே இல்லை. நடுவில் கரி போடும் குழாய், கீழே சாம்பல் தட்டு, பக்கத்தில் ஒரு குழாய், அவ்வளவுதான். ஒழுகினால் பற்றவைத்தார்கள். விற்கப் போனாலும் எடைக்கு எடை செம்பின் விலை கிடைத்தது. ஓட்டைக் கீசரைப் பழைய இரும்புக்காரர் என்ன விலைக்கு எடுக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். (புகையில் கண் எரிந்தபடி அதை மூட்டிய பெண்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

என் வீட்டுக் கீசரில் சென்ற மாதம் கம்பி மாற்றினேன். கூலியோடு 650 ரூபாய். பழைய கம்பியில் நடுவிலுள்ள இரும்பு இழை மட்டும் மிச்சமிருந்தது. சர்வீஸ் செய்ய வருபவர் பெரும்பாலும் உப்புப் படிவைச் சுரண்டிவிட்டுப் போய்விடுவார், கம்பியைப் பற்றிப் பேசமாட்டார். "ஆனோடு ராடு பார்த்தீங்களா தம்பி?" என்று நீங்களே கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியாக இருந்தால் சில மாதிரிகளில் கம்பி இருக்காது, கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். தொட்டி ஒழுகத் தொடங்கிவிட்டால் கம்பி மாற்றிப் பயனில்லை. நீங்களாகக் கழற்ற வேண்டாம், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள்.