தெற்குப் பார்க் தெருக் கல்லறைகள்

கொல்கத்தாவில் வாழும் நாம், தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தின் மதிலைப் பன்முறை கடந்திருக்கிறோம். 1767-இல் திறக்கப்பட்ட அத்தோட்டத்தில், வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் உறவுண்டென 1786-இல் உரைத்த சர் வில்லியம் ஜோன்ஸ் துயில்கிறார்.

பேண உற்றாரில்லாத கல்லறைகளை மரவேர்கள் பிளந்தன. 1976-இல் தியோன் வில்கின்சன் இங்கிலாந்தில் நிறுவிய தென்னாசியக் கல்லறைச் சங்கத்தாரும் இந்நகரத்து அன்பர்களும் ஊதியம் கருதாது ஒன்றுகூடினர். நிதி திரண்டது; புதர் அகன்றது; நினைவுச் சின்னங்கள் செப்பமுற்றன; கல்லெழுத்துகள் நூலாயின.

தென்மொழிகள் தனிக் குடும்பமென 1816-இல் காட்டிய எல்லிஸோ நம் தமிழகத்தில் துயில்கிறார். பிறந்த மண்ணைப் பிரிந்தோரின் கல்லறையைக் காப்பவர், அவர் வாழ்ந்த ஊராரன்றி வேறு யார்? பிழைக்க வந்த நாமும் இவ்வூரார் அல்லமோ? இனி மதிலோடு நின்றுவிடாமல் வாயிலுக்குள் நுழைவோம்.