சோழி வைத்துக் கிரகணம் கணித்தவர்



2025 செப்டம்பர் 8ஆம் நாள் அதிகாலை 1.30 மணி முதல் 2.52 வரை முழுச் சந்திரகிரகணம் நிகழ்ந்தது. (நம்ம திரிங்காப்பில் மூடுபனி வழிவிட்டால்தான் நிலாவே தெரியும், அது வேறு கதை.) காலையில் வகுப்புக்கு வந்த ஒரு மாணவன், "சார், வெள்ளைக்காரங்க சொல்றதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பூமியின் நிழலுக்குள் நிலா புகுவதே சந்திரகிரகணம். நிலாவின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் அது வருவதில்லை. இது வரைக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். கஷ்டம் எங்கே என்றால், நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது விரைந்தும், எட்டிப் போகும்போது மெதுவாகவும் செல்கிறது. கிட்டே வந்த நிலா மறுபடியும் கிட்டே வர ஏறத்தாழ 27½ நாள் ஆகும். அப்படி ஒன்பது தடவை வந்தால் 248 நாள், கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். நம் முன்னோர் இதைக் கண்டு, நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்களைக் கட்டினார்கள். எழுத்துக்கு எழுத்து எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் நிலாவின் இடம் வந்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான்.

1768இல் லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலார் புதுச்சேரிக்கு வந்தார். 1769இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தார். அன்றைக்கென்று மேகம் மூடிவிட்டது, பாவம்! ஆனால் அங்கே தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்ற மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடிப்போனது.

மேடையில் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். மிச்சத்தையும் சொல்வதுதான் நியாயம். சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லி, 1825 மே 31 இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்தார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை! தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை வந்தது. சோழியை ஏன் அப்படி நகர்த்துகிறோம் என்ற காரணம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். வாய்ப்பாடு வழிவழியாக வந்தது, காரணம் கூடவே வரவில்லை.

பிழைக்கு ஓர் உதாரணம் பாருங்கள். வாக்கியக் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. விண்மீன்களை வைத்துப் பூமி சூரியனை ஒருமுறை சுற்றும் காலமோ 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. வருஷத்துக்கு 3 நிமிடம் 20 விநாடிதானே என்று விட்டால், ஆயிரம் வருஷத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஏறிவிடுகிறது.

இதைத் திருத்த வேண்டும் என்று நின்றவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. வானத்தில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கமே வேண்டும் என்று, திருத்திய பஞ்சாங்கத்தை அவரே வெளியிட்டார். 'திருக்' என்றால் பார்வை. அதுதான் திருக்கணிதம். 1880இல் அவர் காலமானார்.

சண்டை இன்னும் ஓயவில்லை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சி. வாக்கியப்படி நடக்கும் திருநள்ளாறு கோவிலில் 2026இல்தான் என்றார்கள். நம்ம லயத்திலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது!

கிரகணத்துக்குக் கட்சி கிடையாது, கடிகாரம் போதும். அடுத்து வருவனவற்றுள் ஒன்று 2028 டிசம்பர் 31 அன்று. இரவு 11.07க்கு நிழல் தொடும், நள்ளிரவு தாண்டிய பிறகு நிலா முழுவதும் மறைந்து சிவக்கும். புத்தாண்டுக்காக எப்படியும் விழித்திருப்போம். பிள்ளைகளே, இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்துவிடுங்கள். கம்பளியும் கொண்டுவாருங்கள்.