வலிக்காத புண்தான் ஆபத்து: காலில் புண் ஏன் ஆறாமல் போகிறது?

"செருப்பு கடிச்சதுதானுங்க, தானா ஆறிடும்னு விட்டுட்டேன்." பழனி அருகே உள்ள நெய்க்காரப்பட்டி ஆகட்டும், வேறு எந்த ஊராகட்டும், ஓ.பி. வரிசையில் காலில் கட்டோடு நிற்பவர்கள் பலரும் சொல்லும் பதில் இதுதான். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: "வலியே இல்லீங்க." சிக்கலே அங்குதான் இருக்கிறது.

வலி ஏன் தெரிவதில்லை?

பல வருடங்கள் ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால், பாதத்துக்குப் போகும் நரம்புகள் பழுதாகின்றன. முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. வலி இருந்தால் நொண்டியாவது நடப்போம், புண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வலி தெரியாதவர் புண்ணின் மேலேயே மிதித்து நடந்துகொண்டிருப்பார். அப்புறம் எப்படி ஆறும்?

இதை உலகத்துக்குப் புரியவைத்த ஆய்வு நடந்ததும் தமிழ்நாட்டில்தான். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் படும் காயங்களே அதற்குக் காரணம் என்று காட்டினார். அந்தப் பாதங்களைக் காப்பாற்றப் பயன்பட்ட மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சுகர் நோயாளிகளுக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள்.

எல்லாமே சுகர் புண்ணா?

இல்லை. கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, சுற்றிலும் தோல் கறுத்து நீர் கசிந்தால் அது பெரும்பாலும் வெரிகோஸ் வெயின் புண். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு அதிகம் வரும். அழுத்தமாகக் கட்டு போட்டு, காலை உயர்த்தி வைத்தால் ஆறத் தொடங்கும்.

பாதம் சில்லிட்டு, விரல் நுனி கறுத்து, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். இவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. அதனால்தான் பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்காமல் டாக்டர்கள் அழுத்தக் கட்டு போடுவதில்லை. மெடிக்கலில் கேட்டு ஆயின்மென்ட் வாங்கித் தடவுவதில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது.

எவ்வளவு பேருக்கு ஆபத்து?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. சர்க்கரை நோயால் கால் அகற்றப்படுபவர்களில் 100-க்குச் சுமார் 85 பேருக்கு, முதலில் வந்தது பாதத்தில் ஒரு புண்தான்.

அரசு என்ன செய்கிறது?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அடுத்து வந்தது 'பாதம் பாதுகாப்போம்' திட்டம். பாதப் பரிசோதனை ரொம்ப எளிது: நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொடுவார்கள், தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் கால் மரத்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, வீட்டில் ஒருவரிடம் காட்டியோ பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், மரத்த கால் வெந்தாலும் தெரியாது. கால் ஆணியை நீங்களே பிளேடால் சீவாதீர்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதையும் புண்ணில் அப்பாதீர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்க நினைக்கும் சுகர் நோயாளிகள், மாலை போடும் முன்பே பாதத்தை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

சுகர் உள்ளவருக்குக் காலில் புண் வந்தால், சின்னதாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். சிவந்து வீங்கினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.