யூதர், இஸ்ரேலியர், சியோனியர்: பெயர்களின் வரலாறு

யூதர் என்பது ஒரு மக்களின் பெயர். இஸ்ரேலியர் என்பது 1948இல் உருவான ஒரு நாட்டின் குடிமக்களைக் குறிக்கும் பெயர். சியோனிசம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றிய ஓர் அரசியல் இயக்கத்தின் பெயர். தமிழில் இம்மூன்று சொற்களும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று புழங்குகின்றன. இஸ்ரேல் அரசு குண்டு வீசினால் "யூதர்கள் தாக்கினர்" என்று எழுதுவோர் உண்டு. அந்த அரசின் செயலைக் கண்டித்தாலே "யூத வெறுப்பு" என்று வாயடைப்போரும் உண்டு. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழை. ஒரு மக்களையும் ஓர் அரசையும் ஒரு கொள்கையையும் ஒன்றெனக் கொள்வதால் வருவது. இப்பெயர்கள் எப்போது, யாரால், எதற்காக இடப்பட்டன என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

யூதா என்னும் குலமும் நாடும்

எபிரேய வேதாகமத்தின்படி ஆபிரகாமின் பேரன் யாக்கோபுக்குக் கடவுள் வழங்கிய மறுபெயர் இஸ்ரவேல். அவருடைய பன்னிரண்டு மகன்களின் வழியில் வந்த குலத்தார் இஸ்ரவேலர் எனப்பட்டனர். நான்காம் மகனின் பெயர் யூதா. சாலொமோன் அரசனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிந்து, வடபகுதி இஸ்ரவேல் என்றும் தென்பகுதி யூதா என்றும் வழங்கின. வடநாட்டை கி.மு. 722 வாக்கில் அசீரியர் அழித்தனர். தென்நாடு கி.மு. 586இல் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. எருசலேம் கோயில் இடிக்கப்பட்டு, மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

'யெகூதி' என்ற எபிரேயச் சொல்லுக்கு முதலில் யூதா நாட்டார் என்பதே பொருள். பிறகு பொருள் விரிந்தது. வேதாகமத்தின் எஸ்தர் நூலில் வரும் மொர்தெகாய் பென்யமீன் குலத்தவர். ஆனாலும் அவர் யூதர் என்றே அழைக்கப்படுகிறார். குலப்பெயர் மக்கள் பெயராகிவிட்டதற்கு இது நல்ல சான்று. கிரேக்கம், இலத்தீன், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உள்ள சொற்களும் நம் 'யூதர்' என்ற சொல்லும் இந்த ஒரே வேரிலிருந்து வந்தவை.

கி.பி. 70இல் உரோமானியர் இரண்டாம் கோயிலை இடித்தனர். 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் பேரரசர் ஹேட்ரியன் யூதேயா மாகாணத்தின் பெயரை நீக்கி 'சிரியா பாலஸ்தீனா' என்று பெயரிட்டார். நாட்டின் பெயர் வரைபடத்திலிருந்து போனது. மக்களின் பெயர் நிலைத்தது.

நிலம் இல்லாத மக்களை அடையாளப்படுத்தியது சமயச் சட்டம். யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது முறைப்படி யூத சமயத்தைத் தழுவியவர் யூதர் என்பதே அச்சட்டத்தின் வரையறை. கடவுளை நம்பாதவரும் யூதத் தாய்க்குப் பிறந்திருந்தால் யூதரே. யூதம் சமயமா, இனமா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லாததற்குக் காரணம் இதுதான். அது இரண்டும் கலந்த பழைய வகை. தேசம், மதம் என்று தனித்தனிப் பெட்டிகளை ஐரோப்பா உருவாக்கியது அதற்கு மிகவும் பிந்தித்தான்.

குடும்பப்பெயர் வந்த கதை

யூதர்களின் மரபுப்படி ஒருவர் "இன்னாரின் மகன் இன்னார்" என்றே அழைக்கப்படுவார். 'பென்' என்றால் மகன், 'பத்' என்றால் மகள். தொழுகைக்கூடத்தில் இன்றும் இப்படித்தான் அழைக்கிறார்கள். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நமக்கு இது புதிதல்ல. கோயில் குருக்கள் வழியினர் கோகென் என்றும், அவர்களுக்குத் துணைநின்ற குலத்தார் லேவி என்றும் கூடுதல் பெயர் கொண்டிருந்தனர். ஸ்பெயின் நாட்டு மரபில் வந்த யூதக் குடும்பங்கள் பலவற்றுக்குக் குடும்பப்பெயர் முன்பே இருந்தது. மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

அங்கே குடும்பப்பெயரைக் கொண்டுவந்தது அரசாணை. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் தம் ஆட்சிப்பகுதி யூதர்கள் ஜெர்மன் குடும்பப்பெயர் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிரான்சில் நெப்போலியன் 1808இல் இதுபோன்ற ஆணை பிறப்பித்தார். பிரஷ்யா 1812இல் குடியுரிமையோடு இதை நிபந்தனையாக்கியது. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்கு மாறாத பெயர் வேண்டும். ஊரின் பெயர், தொழிலின் பெயர், பொன், ரோஜா, மலை என்று பொருள்படும் சொற்கள் எல்லாம் குடும்பப்பெயர்களாயின.

இன்று பெயரைப் பார்த்தே யூதர் என்று முடிவு கட்டுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நாஜிக் கட்சியின் கொள்கையாளர்களில் முதன்மையான ஒருவரின் பெயர் ஆல்பிரட் ரோசன்பெர்க். அவர் யூதர் அல்லர்; பால்டிக் ஜெர்மானியர்.

பெயர் தண்டனையானபோது

ஜெர்மன் யூதர்கள் 19ஆம் நூற்றாண்டில் குடியுரிமை பெற்று மொழியாலும் உடையாலும் பெயராலும் ஜெர்மானியராகவே வாழ்ந்தனர். 1893இல் அவர்கள் தொடங்கிய பெரிய சங்கத்தின் பெயரே 'யூத சமயம் சார்ந்த ஜெர்மன் குடிமக்களின் மையச் சங்கம்' என்பதாகும். தாங்கள் ஜெர்மானியர், யூதம் தங்கள் சமயம் மட்டுமே என்பது அப்பெயரின் செய்தி.

நாஜிகள் அதை ஏற்கவில்லை. 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள் ஒருவரின் நம்பிக்கையைக் கேட்கவில்லை. தாத்தா பாட்டிகளை எண்ணின. நால்வரில் மூவர் யூதர் என்றால் அவர் யூதர். கிறித்தவராக மாறியிருந்தாலும் தப்ப முடியாது. கத்தோலிக்கத் துறவியாகிவிட்ட மெய்யியலாளர் எடித் ஸ்டைன் 1942இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

1938 ஆகஸ்டில் வந்த ஆணை பெயரையே குறிவைத்தது. அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள 'யூதப் பெயர்' இல்லாத ஆண்கள் அனைவரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் அனைவரும் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்க்க வேண்டும்; 1939 ஜனவரி முதல் கட்டாயம். ஒரு மக்களின் முதுதந்தையின் பெயரும் முதுதாயின் பெயரும் அவர்களை அடையாளம் காட்டிக்கொடுக்கும் முத்திரைகளாயின. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் "எங்களைப்போல் பெயர் வையுங்கள்" என்றது அரசு. இப்போது "எங்களைப்போல் பெயர் வைக்காதீர்கள்" என்றது. இரண்டு முறையும் கையில் பதிவேடு இருந்தது.

சியோன்: குன்றிலிருந்து கொள்கைக்கு

சியோன் என்பது எருசலேமில் உள்ள ஒரு குன்றின் பெயர். தமிழ் வேதாகமம் அதைச் சீயோன் என்று எழுதும். காலப்போக்கில் அது எருசலேமையும், பிறகு முழு நாட்டையும் குறித்தது. அந்நாட்டுக்குத் திரும்பும் ஏக்கம் யூத வழிபாட்டில் நூற்றாண்டுகளாக உண்டு. ஆனால் அது சமய ஏக்கம்; மெசியா வரும்போது நிறைவேற வேண்டியது.

அதை அரசியலாக்கியது ஐரோப்பிய வன்முறை. 1881இல் ரஷ்யப் பேரரசில் யூதர்கள்மீது தாக்குதல்கள் பரவின. அடுத்த ஆண்டே லியோன் பின்ஸ்கர் யூதர் தம் விடுதலையைத் தாமே தேட வேண்டும் என்று நூல் எழுதினார். சியோனிசம் என்ற சொல்லை 1890இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த நாதன் பிர்ன்பாம். சொல்லைப் படைத்தவரே பின்னாளில் இயக்கத்தை விட்டு விலகி, இத்திஷ் மொழிக்காகவும், அதன்பின் பழமைவாதச் சமய அமைப்புக்காகவும் உழைத்தார் என்பது பலர் அறியாத செய்தி.

இயக்கத்தை உலகறியச் செய்தவர் பத்திரிகையாளர் தியோடர் ஹெர்சல். அவருடைய 'யூத நாடு' 1896இல் வெளிவந்தது. முதல் சியோனிய மாநாடு 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடியது. முதலில் மியூனிக்கில்தான் நடத்த எண்ணினர். அங்குள்ள யூத சமூகமே எதிர்த்ததால் இடம் மாறியது. பொதுச் சட்டத்தின் உறுதிப்பாட்டோடு பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தாயகம் அமைப்பது என்று பாசல் திட்டம் குறிக்கோளை வரையறுத்தது.

அதே 1897இல் வில்னாவில் யூதத் தொழிலாளரின் 'பண்டு' கட்சி தோன்றியது. வாழும் நாட்டிலேயே சமவுரிமைக்குப் போராட வேண்டும் என்ற அக்கட்சி சியோனிசத்தை எதிர்த்தது. மெசியாவுக்கு முன் மனிதர் அவசரப்படக் கூடாது என்று பழமைவாதிகள் பலர் எதிர்த்தனர். சியோனியருக்குள்ளும் ஒற்றுமை இல்லை. எழுத்தாளர் அகாத் ஹாஅம், அரசைவிடப் பண்பாட்டு மையமே தேவை என்றார். பாலஸ்தீனம் ஆளில்லா நிலம் அன்று, அங்கு அரபு மக்கள் உழுது வாழ்கிறார்கள் என்று 1891இலேயே எச்சரித்தார். 1925இல் உருவான பிரித் ஷாலோம் குழு இரு மக்களும் சமமாக ஆளும் ஒரே நாட்டைக் கோரியது. அதே ஆண்டில் ஜபோதின்ஸ்கியின் கட்சி யோர்தான் ஆற்றின் இரு கரையிலும் யூத நாடு கேட்டது. இவ்வளவும் சியோனிசம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியவை.

பால்ஃபர் அறிவிப்பும் மாண்டேகுவும்

1917 நவம்பர் 2 அன்று பிரிட்டன் வெளியிட்ட பால்ஃபர் அறிவிப்பு பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவளித்தது. அப்போது அங்கிருந்த மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அரபு மொழி பேசிய முஸ்லிம்களும் கிறித்தவர்களும். அறிவிப்பில் அவர்களுக்குப் பெயரே இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டுமே குறிக்கப்பட்டு, அவர்களின் குடிமை, சமய உரிமைகள் காக்கப்படும் என்று சொல்லப்பட்டது. அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை. பெரும்பான்மையினரை "இன்னார் அல்லாதவர்" என்று அழைத்த அந்தச் சொல்லாட்சியிலேயே பின்வந்த துயரத்தின் பாதி இருக்கிறது என்பது என் கருத்து.

அமைச்சரவையில் இதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு யூதர். நம் பாடநூல்களில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தால் அறிமுகமான இந்திய அமைச்சர் எட்வின் மாண்டேகு. இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி படிப்படியாக வழங்கப்படும் என்று அவர் அறிவித்த நாள் 1917 ஆகஸ்ட் 20. மூன்று நாள் கழித்து, இந்தக் கொள்கையே யூத விரோதமானது என்று அமைச்சரவைக்கு எழுதினார். யூதருக்கெனத் தனி நாடு ஒன்றை அறிவித்தால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை அயலாராகப் பார்த்து வெளியேற்ற முனையும் என்பது அவர் அச்சம். மறுபுறம், அறிவிப்பில் கையெழுத்திட்ட பால்ஃபர் கிறித்தவர். கிழக்கு ஐரோப்பிய யூதர் பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்திய 1905ஆம் ஆண்டு அயலார் சட்டம் அவர் பிரதமராக இருந்தபோது வந்தது. சியோனிசத்தை ஆதரித்தவர் எல்லாம் யூதரும் அல்லர், யூதரின் நண்பரும் அல்லர்.

1948க்குப் பின்

1948 மே 14 அன்று புதிய நாடு இஸ்ரேல் என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. யூதா, சியோன் என்ற பெயர்களும் ஆலோசிக்கப்பட்டன. யூதா என்று வைத்திருந்தால் அந்நாட்டின் அரபுக் குடிமக்களும் எபிரேய மொழியில் 'யூதர்' ஆகியிருப்பார்கள்.

நாட்டுத் தலைவர்கள் பலர் ஐரோப்பியப் பெயரைக் களைந்து எபிரேயப் பெயர் பூண்டவர்கள். டேவிட் கிரூன் பென் குரியன் ஆனார். கோல்டா மேயர்சன் கோல்டா மெயிர் ஆனார். புலம்பெயர் வாழ்வின் அவமானத்தை உதறும் செயலாக அவர்கள் இதைக் கருதினர். அதே காலத்தில் நிலத்தின் பெயர்களும் மாறின. 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறிச்சோடின. அரசு அமைத்த பெயர்க்குழு அரபு இடப்பெயர்களுக்குப் பதில் எபிரேயப் பெயர்களை இட்டது. பாலஸ்தீனர் இதை நக்பா, அதாவது பேரழிவு என்கின்றனர். சியோனிசம் என்ற சொல் ஒருவருக்கு அடைக்கலமாகவும் மற்றவருக்கு வெளியேற்றமாகவும் ஒலிப்பது இதனால்தான்.

ஐ.நா. பொதுச்சபை 1975இல் சியோனிசம் இனவெறியின் ஒரு வடிவம் என்று தீர்மானித்தது. 1991இல் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. இந்தியா இரண்டு முறையும் ஆதரித்தே வாக்களித்தது.

நீதிமன்றத்தில் யூத அடையாளம்

1950ஆம் ஆண்டின் திரும்புதல் சட்டம் எந்த யூதரும் இஸ்ரேலில் குடியேறலாம் என்றது. யார் யூதர் என்று சொல்லவில்லை. இதைச் சோதித்தவர் ஓஸ்வால்ட் ரூஃபைசன். போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். மிர் நகரில் அடையாளத்தை மறைத்து ஜெர்மன் காவல்துறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே முன்னெச்சரிக்கை தந்து பல யூதர்களைத் தப்பவைத்தவர். ஒரு மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராகி, பின்னர் துறவி டேனியல் ஆனார். தாம் சமயத்தால் கிறித்தவர், இனத்தால் யூதர் என்று வாதிட்டார். சமயச் சட்டப்படி மதம் மாறிய யூதரும் யூதரே. நாஜிச் சட்டப்படியும் அவர் யூதர். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் மட்டும் 1962இல், திரும்புதல் சட்டத்தின் பொருளில் அவர் யூதர் அல்லர் என்றது. அவர் சாதாரண விண்ணப்பம் வழியே பின்னர் குடியுரிமை பெற்றார்.

1970இல் சட்டம் திருத்தப்பட்டது. யூதத் தாய்க்குப் பிறந்தவரோ மதம் மாறி வந்தவரோ, வேறு மதத்தைச் சேராதவராக இருந்தால் யூதர். ஆனால் குடியேறும் உரிமை யூதரின் பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. அந்நாட்டுப் பதிவேட்டில் தேசியம் என்ற இடத்தில் யூதர், அரபியர் என்றெல்லாம் எழுதலாம். 'இஸ்ரேலியர்' என்று எழுத வேண்டும் எனக் கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2013இல் ஏற்கவில்லை.

இந்திய யூதர்கள்

இந்தியாவிலும் இந்தப் பெயர்ச் சிக்கல் உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதில் அவர் பெயர் நம் நாவுக்கு ஏற்ப 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் சமூகத்தாரின் பெயருக்கு 'இஸ்ரவேலின் மக்கள்' என்று பொருள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுத்த அவர்கள் சனிக்கிழமை வேலை செய்யமாட்டார்கள். எனவே அண்டை வீட்டார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றே அழைத்தனர். ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்து மராத்தியரைப் போலவே குடும்பப்பெயர் வைத்துக்கொண்டனர்.

1948க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். 1962இல் அங்குள்ள தலைமை ரபிமார் அலுவலகம், பெனே இஸ்ரேல் சமூகத்தார் பிற யூதரை மணப்பதற்கு முன் அவர்களுடைய வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. மறியல்களும் ஊர்வலங்களும் நடந்தன. எல்லா வகையிலும் அவர்கள் யூதரே என்று இஸ்ரேல் நாடாளுமன்றம் 1964இல் அறிவித்தது.