நீர்க்கணக்கும் நாயின் தோலும்: இரணைமடுக் குளத்தின் கீழ்ப்புறக் கிராமங்களை முன்வைத்து

வளர்ப்பு விலங்குகளின் தோல் நோய்களைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் "வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகள்" என்ற ஒரே வகைக்குள் கொழும்பையும் சிங்கப்பூரையும் கிளிநொச்சியையும் சேர்த்துவிடுகின்றன. உண்ணி, தெள்ளு, சொறி, பங்கசு, சீழ்க்கொப்புளம் எல்லாம் அங்கே ஈரத்தின் பிள்ளைகள். கிளிநொச்சி அடங்கிய வன்னிக்கு இந்த வகைப்பாடு பொருந்தாது. ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர் வலயம் இது. மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையான வாடைக் காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆயினும் இரணைமடுவின் கீழே உள்ள நாய்க்கும் பூனைக்கும் கோடையிலும் ஈரம் கிடைக்கிறது. அது வானத்து ஈரமன்று, வாய்க்கால் ஈரம். ஆகவே இப்பகுதியின் தோல் நோய்களைக் காலநிலை வலயத்தை வைத்துப் பார்ப்பதைவிட நீர்ப்பாசன நாட்காட்டியை வைத்துப் பார்ப்பதே பொருத்தம் என்றும், சிகிச்சையின் அலகு தனி விலங்கன்று, அது படுத்தெழும்பும் வளவே என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கப்பட்டு 1920களின் தொடக்கத்தில் முடிந்த இரணைமடு, வடமாகாணத்தின் மிகப்பெரிய குளம். மாரிப் பயிரான காலபோகத்தில் வயல் முழுவதும் விதைபடும். கோடைப் பயிரான சிறுபோகத்தில் குளத்தில் எஞ்சிய நீருக்கேற்பக் கூட்டம் கூடி ஏக்கரைப் பங்கிடுவார்கள். நாயின் தோலுக்கும் இந்தப் பங்கீட்டுக்கும் தொடர்புண்டு. ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை, மேட்டுக்காணியில் மண் வெடித்துக் கிடக்கையில், நீர் கிடைத்த வயலோரத்து வீடுகளில் சேறும் நுளம்பும் நீங்குவதில்லை. ஒரே கிராம அலுவலர் பிரிவுக்குள் ஒரு வளவு பாலைபோலவும் அடுத்தது மாரிபோலவும் இருக்கும். மாவட்ட வானிலை நிலையம் அளக்கும் ஈரப்பதன் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

உண்ணியையும் தெள்ளையும் எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே மருந்தை ஊற்றுவது வழக்கம். உயிரியலில் இவை எதிரெதிர்த் திசையில் நிற்பவை. தெள்ளின் முட்டை நாயின் மயிரிலிருந்து நிலத்தில் உதிரும். அதிலிருந்து வரும் புழு, காற்றின் ஈரப்பதன் ஐம்பது வீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து சாகும். நேர் வெயிலிலும் தப்பாது. அதற்கு வேண்டியது நிழலும் மணலும் சற்று ஈரமும்: மாட்டுக்கொட்டிலின் ஓரம், விறகு அடுக்கிய இடம், ஆட்டுக்கூட்டின் கீழ்ப்புறம். ஆடும் நாயும் ஒன்றாகக் கிடக்கும் வளவில் ஆட்டையும் பார்க்காமல் தெள்ளு ஒழியாது. தெற்காசியாவில் ஆட்டிலும் நாயிலும் ஒரே தெள்ளினம் வாழ்கிறது. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடிபடுவது, கூட்டுப்புழு உறைக்குள் காத்திருந்த தெள்ளு மனித நடமாட்டத்தின் அதிர்வுக்கு வெளிவருவதால்தான்.

நாயின் மண்ணிற உண்ணியோ வரட்சிக்கு அஞ்சாதது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் ஏறி, சீமெந்து வெடிப்பிலோ ஓட்டுக்கூரையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு, இளம்பருவம், வளர்ந்தது என மூன்று முறை நாயில் ஏறி இறங்கும். இடையில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் அதனால் முடியும். புதிய கல்வீடுகளின் பூசப்படாத புளொக்கல் சுவர் அதற்கு வாய்ப்பான இடம். மாட்டிலிருந்தே நாய்க்கு உண்ணி தொற்றுகிறது என்ற நம்பிக்கை ஊரில் பலமானது. மாட்டில் பெருமளவில் காணப்படும் உண்ணி வேறு இனம். அது ஒரே மாட்டிலேயே மூன்று பருவத்தையும் கழிப்பது. மாட்டுக்கு மருந்தடித்துவிட்டு நாயின் உண்ணி குறையவில்லை என்று மருந்தை நோவதில் பொருளில்லை. நோய் தோலோடு நிற்பதுமில்லை. நாயின் மண்ணிற உண்ணி கொண்டுவரும் ஏர்லிக்கியா, பபீசியா என்ற இரத்தக் கிருமிகள் நாயை இரத்தச்சோகையில் தள்ளும். உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து கிடக்கும் நாயைச் "சூட்டில் கிடக்குது" என்று விட்டுவிடுவதே பல சாவுகளுக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

தோல் நேரடியாக நனைவதால் வரும் நோய்கள் மாரியில்தான் திரளும். நாயின் மேற்தோல் மூன்று முதல் ஐந்து கல அடுக்குத் தடிப்பே கொண்டது. மனிதத் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. அடிமயிர் நனைந்து காயாமல் இருந்தால் தோலில் வழமையாக வாழும் ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவும் மலசீசியா என்ற மதுவமும் பெருகத் தொடங்கும். முன்னதில் வட்டவட்டமாய்ச் செதில் உதிரும். பின்னதில் காதும் விரலிடுக்கும் சிவந்து புளித்த நாற்றம் அடிக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததுபோன்ற நாட்களில் நாய்கள் நாட்கணக்கில் சேற்றில் நிற்கின்றன. நனைந்து ஊறிய பாதத்தோல் கிருமிக்குத் திறந்த வாசல். நாயின் மேற்தோல் ஒருமுறை தன்னைப் புதுப்பிக்க ஏறத்தாழ மூன்று வாரம் எடுக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை ஐந்தாம் நாள் புண் காய்ந்ததும் நிறுத்தினால் நோய் திரும்புவது இதனாலேயே. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கி வளர்க்கும் அல்சேசனும் பொமரேனியனும் இந்த இடத்தில் ஊர்நாயைவிட மோசமாக அவதிப்படுகின்றன. குளிர்நாட்டு மயிரை வன்னி மாரியில் நனையவிட்டு, வாரம் இருமுறை சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டாமல் கட்டிவைப்பது அன்பின் பெயரால் நடக்கும் கொடுமை.

புழுப்புண்ணும் மாரிக்குரியதே. கடிபட்ட காயத்தின் விளிம்பில் திருகுப்புழு ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் குஞ்சு பொரித்து உயிருள்ள சதையைத் துளைக்கும். கற்பூரம் வைப்பது பழைய வழி. வெளிவரும் புழுவைப் பொறுக்கி எடுத்து, காயத்தைக் கழுவி, ஈ அண்டாமல் மூடினால் ஓரளவு பயன் தரும். கற்பூரத்துக்குப் பதிலாகப் பூச்சி உருண்டையை வைக்கக் கூடாது; அது வேறு பொருள், நஞ்சு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: காலநிலை அல்ல, பசியே காரணம் என்பது. இதில் நியாயம் உண்டு. உடலுக்குக் கிடைக்கும் புரதத்தில் கால்வாசிக்கும் மேல் தோலுக்கும் மயிருக்கும் செலவாகிறது. சோறும் குழம்புச் சாறும் மட்டும் தின்னும் குட்டியில் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி மயிரை உதிர்ப்பது எளிது. ஆனால் பசி ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருக்க, நோய் பருவத்தோடு ஏறி இறங்குவதைப் பசி மட்டும் விளக்காது. பசி தோலைத் தளர்த்துகிறது; எந்த நோய் உள்ளே வரும் என்பதை நீர் தீர்மானிக்கிறது. சார்கொப்டிஸ் சொறி இரண்டுக்கும் வெளியே நிற்பது. நெருக்கமாகப் படுக்கும் எந்த நாய்க்கும் தொற்றும், வீட்டாரின் கையிலும் வயிற்றிலும் சில நாட்கள் அரிப்பைத் தரும். இதற்கு வாகனத்தின் கழிவு ஒயிலைப் பூசும் பழக்கம் இலங்கை முழுவதும் இருக்கிறது. சில சிற்றுண்ணிகள் மூச்சடைத்துச் சாகலாம். நாய் அந்த ஒயிலை நக்கி அதிலுள்ள நச்சுகளை உட்கொள்ளும் என்பது உறுதி.

வயலோர நுளம்பு கடத்தும் டைரோபைலேரியா ரெபென்ஸ் புழு நாயின் தோலடியில் வாழ்வது. பெரும்பாலான நாய்களில் அறிகுறியே தெரியாது. சிலவற்றில் கட்டியும் அரிப்பும் வரும். மனிதருக்கு, குறிப்பாகச் சிறு பிள்ளைகளுக்கு, கண்ணிமையிலோ முகத்திலோ வரும் இப்புழுக் கட்டி உலகில் மிகுதியாகப் பதிவாகும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நாயின் தோல் வீட்டுச் சுகாதாரத்தோடு நேரடியாகப் பொருந்தும் இடம் இது.

நடைமுறைக்கு இதிலிருந்து பெறத்தக்கது காலக்கணக்கே. உண்ணிக்கான வேலை மாரி முடிந்து சுவர் காய்ந்த மாசி, பங்குனியில் தொடங்க வேண்டும்: வெடிப்புகளைப் பூசுவது, கட்டும் இடத்தை மாற்றுவது, நாய்க்கு மருந்து. தெள்ளுக்குச் சிறுபோக நீர் திறக்கும் முன்னரே நிழலிடங்களைக் கூட்டி வெயில் படவிட வேண்டும். சொறிக்குப் புரட்டாதியே ஏற்றது. விசர்நாய்த் தடுப்பூசிக்காக நாய்கள் ஓரிடத்தில் திரளும் நாட்கள் உண்டு. அவற்றை மழைக்கு முன் வைத்து, அங்கேயே சொறி மருந்தையும் கொடுக்கலாம். ஐவர்மெக்ரின் முட்டையைக் கொல்லாது, இரண்டு வாரத்தில் மீளவும் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை நாய்கள் வரா. ஒரு தடவை கொடுத்தால் ஒன்று முதல் மூன்று மாதம் வேலை செய்யும் புதிய ஐசொக்சசொலின் மாத்திரைகள் இச்சிக்கலைத் தீர்க்கும். விலைதான் இடிக்கிறது, மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மொத்தமாக வாங்கினால் என்ன செலவாகும் என்பது கணக்குப் பார்க்கத்தக்கது. பூனைகளை இத்திட்டத்தில் அப்படியே சேர்க்கக் கூடாது. நாய்க்கு ஊற்றும் பெர்மெத்ரினும் பட்டி மாட்டுக்கு அடிக்கும் அமிற்ராசும் பூனைக்கு ஆபத்தானவை, டெற்றோல் கலந்த தண்ணீரும் அப்படியே. மருந்து காயும்வரை நாயின் அருகே பூனை படுக்க விடக்கூடாது என்பதை மருந்து கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.