டாங்கும் தாங்கலும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் ஐயப்பன்தாங்கல் என்றோர் ஊர் உண்டு. தாங்கல் என்பது சிற்றேரி. வேடந்தாங்கலும் பழவந்தாங்கலும் இவ்வகைப் பெயர்களே. ஆங்கிலத்து ‘டாங்க்’ நம் தாங்கலிலிருந்தே பிறந்திருக்கலாம் என்று நண்பர் சிலர் நம்மிடம் வாதிடுவர். ஆசை பெரிது; ஆனால் சான்று இல்லை.

தாங்கு என்னும் வினையடியாகத் தோன்றியது தாங்கல். டாங்க் வந்த வழி வேறு. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மழைநீரை நிலத்தடியில் தேக்கும் தொட்டிக்கு டாங்கு, டாங்கா என்னும் பெயர்கள் உண்டு. போர்ச்சுக்கீசியரோ குளத்தை ‘டாங்கே’ என்பர். தேங்கிய நீரைக் குறிக்கும் ‘ஸ்டாக்னும்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது என்பர் அறிஞர். இவ்விரண்டும் மேற்குக் கரையில் கலந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நாவில் ஏறின. எது தாய், எது செவிலி என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் வருத்தம் அச்சொல்லின் பிறப்பைப் பற்றியதன்று. அது செய்த வேலையைப் பற்றியது. பாசனத்துக்கு ஏரி, குடிநீருக்கு ஊருணி, தென்பாண்டிச் சீமையில் கண்மாய், கோயிலுக்குத் தெப்பக்குளம் எனப் பயனும் இடமும் அறிந்து பெயரிட்டனர் நம் முன்னோர். ஆங்கிலேயர் எழுதிய கணக்கில் இவை யாவும் ஒரே ‘டாங்க்’ ஆயின. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் நாம் ஒளுச் செய்யும் ஹவுளும் அவர்களுக்கு டாங்க்தான்! ‘லாங் டாங்க்’ என்று அவர்கள் அழைத்த நீண்ட ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை.

இதற்கிடையே அச்சொல் போருக்கும் போய்வந்தது. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இரும்புக் கவசமணிந்த ஊர்தியொன்று உருவாயிற்று. பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு, அதனைத் தண்ணீர்த் தொட்டி என்றே பேசவும் எழுதவும் செய்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது நெருப்பைக் கக்கியபோது, பொய்ப்பெயரே மெய்ப்பெயராக நிலைத்துவிட்டது. நாம் அதை டாங்கி என்கிறோம்.

அந்த டாங்கியும் தாங்கலின் பக்கமே வந்து சேர்ந்தது. ஐயப்பன்தாங்கலுக்கு வடக்கே ஆவடியில் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது; அர்ஜுன் பின்னர் வந்தது. ஆயினும் இன்று ஐயப்பன்தாங்கல்வாசி ஒருவர், ‘டாங்க் நிரம்பிவிட்டதா?’ என்று வினவினால், அவர் கேட்பது ஏரியையும் அன்று, ஆவடியையும் அன்று. மொட்டை மாடியில் நிற்கும் கரிய பிளாஸ்டிக் தொட்டியை.