அந்தரும் குன்றிமணியும்

வெள்ளவத்தையில் வீட்டிலேயே எஸ்பிரெசோ கோப்பி தயாரிக்கும் இளைஞர்கள் சிலரை அறிவேன். தூளைக் கரண்டியால் அள்ளாமல் டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள். இது மேனாட்டு மோஸ்தர் என்று என் வயதினர் முகஞ்சுளிப்பதுண்டு. ஆனால் கோப்பியை அளப்பதா, நிறுப்பதா என்ற கேள்வி கொழும்புக்குப் பழையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுத் தோட்டங்களில் பறித்த கோப்பிப் பழத்தைப் புசல் கணக்கில் அளந்தார்கள். சதை நீக்கிக் காயவைத்த கொட்டை மாட்டுவண்டியிலும், 1867இல் கண்டிக்குப் புகையிரதம் எட்டிய பின்னர் அதிலுமாகக் கொழும்புக்கு வந்தது. இங்குள்ள பண்டசாலைகளில் மேலுறை அகற்றப்பட்டு, பெண்களின் கைகளால் தரம் பிரிக்கப்பட்டு, அந்தர் கணக்கில் நிறுக்கப்பட்டுக் கப்பலேறியது. ஓர் அந்தர் 112 இறாத்தல், ஏறத்தாழ 50.8 கிலோகிராம். 1870ஐ ஒட்டி ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் அந்தர் என்ற அளவை எட்டியிருந்தது.

ஈரப்பழத்தை அளப்பது எளிது என்பது உண்மையே. ஆயினும் அளவையைக் குவித்தும் அளக்கலாம், தட்டியும் அளக்கலாம். அளப்பவன் கையே தீர்ப்புச் சொல்லும். நிறுவை வணிகருக்கு, அளவை தொழிலாளிக்கு என்றே நான் இதை வாசிக்கிறேன். அத்தொழிலாளர் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். வாந்திபேதியாலும் பெரியம்மையாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின; கொழுந்து தராசில் ஏறியது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோவைக் கழித்துவிடுகிறார்கள் என்பது மலையகத் தொழிலாளரின் நெடுங்கால முறைப்பாடு.

அடுக்களைத் தராசிலும் அதே கழிவு உண்டு. பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதன் எடை நீங்கிப் பூச்சியம் காட்டும். பாத்திரம் எவ்வளவோ அவ்வளவுதான் கழியும், அதுவும் உங்கள் கண்முன்னே. (வெறுஞ் சாக்கை ஒருமுறை தராசில் வைத்துக் காட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.)

வாங்க விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது நுணுக்கம். எஸ்பிரெசோவுக்குப் பொதுவாக 18 கிராம் தூளிட்டு, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் பானம் இறக்குவார்கள். நுரை கண்ணை ஏமாற்றும்; ஆகவே இறங்குவதையும் நிறுக்க வேண்டும். முழுக் கிராம் மட்டுமே காட்டும் சமையல் தராசில் 18 என்பது 17.5ஆகவும் இருக்கலாம், 18.5ஆகவும் இருக்கலாம். 0.1 கிராம் காட்டும் தராசே வேண்டும். அது ஏறத்தாழ ஒரு குன்றிமணியின் எடை! கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள செட்டியார் தெருப் பொற்கொல்லர்களுக்கு இந்த நுணுக்கம் புதிதன்று. 18 கிராம் என்பது இரண்டு பவுணுக்குச் சற்று அதிகம் என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

ஆனால் 200 கிராம் மட்டுமே தாங்கும் நகைத் தராசு தூளை நிறுக்க மட்டுமே உதவும். அதன்மேல் கனத்த பீங்கான் கோப்பையை வைக்க முடியாது. வடிகட்டிக் கோப்பிக்கு வெந்நீரும் குடுவையும் சேர்ந்து ஏறுமாதலால் 2 கிலோ தாங்கும் தராசு நல்லது. எஸ்பிரெசோ இயந்திரத்தின் தட்டில் அடங்குமா என்று அளந்து பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள். சில மலிவான தராசுகள் மெல்லச் சொட்டுவதைக் கணக்கில் எடுக்காமல் பூச்சியத்திலேயே நிற்கும். வேறு சில, நீர் ஊற்றும்போதே அணைந்துவிடும். நேரங்காட்டி இருந்தால் வசதி, இல்லாவிட்டால் சுவர்க்கடிகாரம் போதும்.

இலண்டனிலிருந்து உறவினர் கொண்டுவரும் தராசானால் 100 கிராம் சோதனைப் படிக்கல் ஒன்றும் தேவை. கொழும்பில் புவியீர்ப்பு இலண்டனைவிட ஏறத்தாழ 0.3 சதவீதம் குறைவாதலால், அங்கே செம்மைப்படுத்திய தராசு இங்கே 100 கிராமை 99.7 என்று காட்டும். படிக்கல்லை வைத்து மீண்டும் அளவுதிருத்தம் செய்துகொள்ளலாம். செய்யாவிட்டாலும் 18 கிராம் தூளில் வித்தியாசம் அரைக் குன்றிமணிதான்.